தம்பிக்கு இரண்டு சட்டம்

சித்தேரி மலையில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமுக்கு ஆள் சேர்த்தவள் கோகிலவாணிதான். அந்த மலைமேல் கல்லாத்துவளவு என்ற சிற்றூரின் மகளிர் குழுவுக்கு அவள் தலைவி. சாமை அறுப்பு நேரம். கூப்பிட்டால் சட்டென்று வருகிறவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் வீடு வீடாகப் போனாள். “நம்ம மாதவன் பேசறான்டி. கொஞ்ச நேரம் வந்து குந்திட்டுப் போங்க” என்று கெஞ்சியும் அதட்டியும் பள்ளிக்கூட வராந்தா நிறையப் பெண்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

மாதவராஜ் அவளுடைய தம்பி. அந்த மலையிலிருந்து சட்டம் படித்துக் கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள். அரூரில் வக்கீலாக இருந்தான். பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

“சட்டம் வானத்துலருந்து வுழல” என்றான் அன்றைக்கு. “மொதல்ல ஊரு ஒரு வழக்கத்த வெச்சிருந்துச்சு. யாரு யாரைக் கட்டலாம், எந்தக் காட்டுல யாரு வெதைக்கலாம், எல்லாம் வழக்கம். அப்பறம் ராஜா வந்தான், வெள்ளக்காரன் வந்தான். இப்ப நாம ஓட்டுப் போட்டு அனுப்பறவங்க பார்லிமெண்டுல எழுதறாங்க. அதுல புரியாத எடம் இருந்தா ஜட்ஜ் தீர்ப்புல சொல்றாரு. அதுவும் சட்டந்தான். ஆனா எழுதின சட்டம்னு ஒண்ணு வந்துட்டா, பழைய வழக்கம் ஒதுங்கி வழி வுடணும்.”

பின்வரிசையில் இருந்து ஒருத்தி எழுந்தாள். “எங்கப்பன் வூட்டு நெலத்துல எனக்குப் பங்கு உண்டா சார்?”

“பையனுக்கு எவ்வளவோ பொண்ணுக்கும் அவ்வளவு. யாரும் பிச்சை போட வேண்டியதில்ல. சட்டப்படி உரிமை.”

பெண்கள் கை தட்டினார்கள். கோகிலவாணி எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கணவன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனான். போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். அவள் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பா நஞ்சப்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஏர் பூட்டிக்கொண்டு, “வாரியா?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து கீழ்க்கொல்லை, மேல்க்கொல்லை என்ற இரண்டு மானாவாரிக் காடுகளிலும் அவருடன் அவள்தான் நின்றாள். சாமை, கேழ்வரகு, ஓரத்தில் அவரை. வேலியை ஒட்டிப் பலா மரங்கள். கடைசி இரண்டு வருஷம் நஞ்சப்பனுக்குப் பக்கவாதம். அவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்து, காடு காய்கிறதா, காட்டுப்பன்றி இறங்கியதா என்று குழறிக் குழறிக் கேட்பார். அவள் பதில் சொல்லிக்கொண்டே அவருக்குத் துடைத்துவிடுவாள்.

மாதவராஜ் மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் அப்பாவின் காலைப் பிடித்துவிடுவான். அக்காவுக்குச் சேலை எடுத்து வருவான். பாசமில்லாதவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் பின்னால் நடந்தது அவளுக்கு நெடுநாள் வரை விளங்கவேயில்லை.

நஞ்சப்பன் இறந்து காரியமெல்லாம் முடிந்ததும் மாதவராஜ் அம்மாவை அரூருக்குக் கூட்டிப் போனான். “மலையில தனியா எதுக்கு? சுகர் மாத்திரை கூட இங்க கெடைக்க மாட்டேங்குது” என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அம்மா மாதம்மாள் பஸ்ஸில் ஏறும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “கொல்லையப் பாத்துக்கோ” என்றாள்.

அடுத்த கோடையில் ஒரு கார் வந்தது. மாதவராஜ் இறங்கினான். கூடச் சேலத்துக்காரர் ஒருவர். இருவரும் மேல்க்கொல்லையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக் கை நீட்டி நீட்டிப் பேசினார்கள். கோகிலவாணி பலாப்பழம் அறுத்து வைத்தாள். சேலத்துக்காரர் போய்க் காரில் உட்கார்ந்த பிறகு தம்பி மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, இங்க டூரிஸ்ட்டுங்க தங்க ரூம் கட்டலாம்னு இருக்கேன். அவரு பார்ட்னர். மேல்க்கொல்லையில ரூமு. கீழ்க்கொல்லையில பார்க்கிங், தோட்டம்.”

“ரெண்டு கொல்லையுமா? அப்ப வெதைக்கறது?”

“இனி எதுக்கு வெதைக்கணும்? நீ கஷ்டப்பட்டதெல்லாம் போதும். சமையக்கட்டப் பாத்துக்கோ. சம்பளம் போட்டுத் தரேன்.”

அவள் சிரித்தாள். அவன் விளையாடுகிறான் என்றே நினைத்தாள். “என்னோட பங்கு காட்டுல நான் வெதைச்சுக்கறேன்டா. உன்னோடதுல நீ கட்டு.”

மாதவராஜ் பழத்தின் பாலைக் கையிலிருந்து துடைத்துக்கொண்டே, “பட்டா என் பேருக்கு மாறிடுச்சுக்கா” என்றான். “அப்பனுக்கு ஆம்பள வாரிசு நான் ஒருத்தன்தான?”

முகாமில் பேசியது இதே வாய்தான் என்று அவளுக்கு உடனே உறைக்கவில்லை. கார் போன பிறகு, அறுத்த பழத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

அவள் முதலில் போனது ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரியிடம். கல்லாத்துவளவில் கல்யாணமானாலும் தகராறானாலும் அவர் முன்னால்தான் பேச்சு. அவளுக்குப் பெரியப்பா முறை. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மாதவராஜையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் வந்தான். ஆனால் கீழே உட்காரவில்லை. பைக்கின்மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

தீர்த்தகிரி அதிகம் பேசுகிறவர் இல்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நஞ்சப்பன் படுத்துக் கெடந்தப்ப அள்ளிப் போட்டது யாரு? கோகிலா. ஏரு புடிச்சது யாரு? அதுவும் கோகிலா. கீழ்க்கொல்லை அவளுக்கு. மேல்க்கொல்லை மாதவனுக்கு. வூடு பொது. மாதம்மா எங்க இருக்கப் பிரியப்படுதோ அங்க இருக்கட்டும். இதான் ஊரு சொல்லு.”

ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் கோயில் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி பெரியப்பாவின் காலில் விழப் போனாள்.

“ஒரு நிமிஷம்” என்றான் மாதவராஜ். “பெரியப்பா, இதுக்குப் பேரு கட்டப் பஞ்சாயத்து. பட்டா நெலத்தப் பிரிக்க உங்களுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் குடுத்துச்சு? ஊரு வழக்கம்லாம் சாமி கும்புடறதோட வெச்சுக்கோங்க. நான் ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்தா இங்க குந்தியிருக்கற அத்தன பேரும் ஸ்டேஷன் ஏறணும்.”

தீர்த்தகிரியின் முகம் கறுத்தது. அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால் அவரிடம் அப்படிப் பேசியவர்கள் இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார்.

மாதவராஜ் அக்காவிடம் வந்தான். “உனக்கு உரிமை இருக்குன்னு நெனைச்சா கோர்ட்டுக்குப் போ. அங்க பேசிக்கலாம். ஊரக் கூட்டி என்னை அசிங்கப்படுத்தாத.”

“போறேன்டா” என்றாள் கோகிலவாணி. “நீ சொன்ன சட்டத்துகிட்டயே போறேன்.”

அரூரில் மாதவராஜுக்கு எதிராக வழக்கு என்றதும் இரண்டு வக்கீல்கள் நழுவிக்கொண்டார்கள். மூன்றாவதாகப் பார்த்தது நிர்மலாதேவியை. ஐம்பது வயதிருக்கும். பொம்மிடிப் பக்கம் விவசாயக் குடும்பம். மலையிலிருந்து வந்த பெண் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டு, “கேஸ் போடுவோம். உன் தம்பி என்ன பதில் போடறாருன்னு பாப்போம்” என்றார்.

அந்தத் தயக்கம் எதற்கென்று பதில் வந்த அன்றைக்குத் தெரிந்தது. நிர்மலாதேவி தம் ஆபீசில் அவளை எதிரே உட்காரவைத்து, தம்பி தாக்கல் செய்திருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

மனுதாரரும் எதிர்மனுதாரர்களும் பழங்குடியினர். இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எனவே அவர்களுக்குச் சட்டம் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் ஊர் வழக்கம்தான். அந்த வழக்கத்தின்படி பெண்களுக்கு நிலத்தில் பங்கு இல்லை.

“மறுபடி படிங்க மேடம்” என்றாள் கோகிலவாணி. நிர்மலாதேவி மறுபடி படித்தார்.

“ஊரு வழக்கம் செல்லாதுன்னு கோயில் முன்னாடி நின்னு சொன்னானே மேடம்.”

“சொல்லியிருப்பாரு.”

“முகாமுல பொண்ணுக்கும் சமபங்குன்னு சொன்னான். அத்தன பேரு கேட்டாங்க.”

“அது மலைக்குக் கீழ இருக்கற கீழ்நாட்டுப் பொண்ணுங்களுக்கு. எனக்கு. உனக்கு அந்தச் சட்டம் வரல. மேடையில பேசுனப்ப அவருக்கு இது தெரியுமோ தெரியாதோ, இப்பத் தெரியும்.”

“அப்ப எனக்கு எந்தச் சட்டம்?”

நிர்மலாதேவி கண்ணாடியைக் கழற்றினார். “உங்க ஊரு வழக்கந்தான். ஆனா ஒண்ணு. வழக்கம் இருக்குன்னு யாரு சொல்றாங்களோ அவங்கதான் நிரூபிக்கணும். இன்னிக்கு நேத்திக்கு வந்ததா இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு மாதிரி மாறக் கூடாது. அதெல்லாம் அவரு காட்டணும். காட்ட முடியலைன்னா, சட்டமும் இல்ல, வழக்கமும் இல்ல, நியாயம்னு ஒண்ணு மிச்சம் இருக்கு. கோர்ட்டு அதைப் பாக்கும். சில மேல்கோர்ட்டு தீர்ப்பும் நமக்கு ஒதவும். சுலபம்னு சொல்ல மாட்டேன்.”

அன்று மத்தியானம் கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான் மாதவராஜ். அவள் நேராக அவனிடம் போனாள்.

“ஊருல வழக்கம் செல்லாது, சட்டந்தான்னு சொன்ன. இங்க வந்து சட்டம் செல்லாது, வழக்கந்தாங்கற. எதுடா நெசம்?”

பக்கத்தில் இருந்த வக்கீல்கள் நகர்ந்துபோனார்கள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “அக்கா, கத்தாத. கேஸுன்னு வந்துட்டா எது சாதகமோ அதைத்தான் எடுப்போம். இது தொழில். பர்சனலா எடுத்துக்காத.”

“நான் யாருடா உனக்கு? கட்சிக்காரியா?”

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஒரு கணம் பழைய மாதவன்போல அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம், “கேஸை வாபஸ் வாங்கு. உன்னை நான் வுட்டுட மாட்டேன்” என்றான். பிச்சை என்ற சொல்லை அவன்தான் முகாமில் சொன்னான். அது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லை. வழக்கம் என்றால் அதைச் சொல்ல வேண்டியவர் தீர்த்தகிரிப் பெரியப்பா. அவர்தான் கீழ்க்கொல்லை உனக்கு என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டாரே. தம்பி அவரைத்தான் தன் பக்கச் சாட்சியாகப் போட்டிருக்கிறான் என்று நிர்மலாதேவி சொன்னபோதுகூட அவள் நம்பவில்லை. அன்று அவ்வளவு அவமானப்படுத்தியவனுக்கு அவர் எப்படிச் சாட்சி சொல்வார்?

அவர் வீட்டுக்குப் போனாள். தேன் வடிகட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டு, பாத்திரத்தை உள்ளே கொடுத்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்பே பேசினார்.

“மாதவன் வந்தான் கோகிலா. கால்ல வுழுந்து மன்னிப்புக் கேட்டான்.”

“நீங்க கோர்ட்டுல என்ன சொல்லப் போறீங்க பெரியப்பா?”

“உனக்கு நான் குடுத்தது, உன்னோட பாட்டைப் பாத்து. நீ கேட்ட, ஊரு எரக்கப்பட்டுச்சு. அது வேற. பொட்டப் புள்ளைக்கெல்லாம் பங்குன்னு கோர்ட்டுல எழுதிட்டாங்கன்னா, நாளைக்கு ஒவ்வொரு வூட்டுலயும் மருமகன் வந்து நிப்பான். துண்டு துண்டா ஆயிடும் மலை. கீழ்நாட்டுக்காரன் பொண்ணு கட்டறாப்புல வந்து நெலத்தப் புடிச்சுக்குவான்.”

“நான் யாரையும் கூட்டியாரலையே பெரியப்பா.”

“உன்னைச் சொல்லலம்மா. எனக்கு உன் மேல ஒண்ணும் கிடையாது.”

உன் மேல ஒண்ணும் கிடையாது. அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். விரோதம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று பட்டது.

மிச்சம் இருந்தது அம்மா. ஏனென்றால் அந்தக் கொல்லைகள் நஞ்சப்பன் சம்பாதித்தவை அல்ல. அவர் வேறொரு மலைக்குடியிருப்பிலிருந்து வந்து மாதம்மாளைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டிலேயே தங்கிய மாப்பிள்ளை. மாதம்மாளின் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. தன் மகளுக்கென்றுதான் அவர் அந்தக் கொல்லைகளைக் கொடுத்தார். நில அளவை வந்தபோது வீட்டு ஆம்பளை பேர் என்ன என்று கேட்டு நஞ்சப்பன் பேரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஊர்க்கவுண்டரை மீறிக் கோர்ட்டில் வந்து சொல்லத்தான் ஆளில்லை. பெண்ணுக்கு நிலமில்லை என்று எந்த நிலத்துக்காக வாதாடுகிறார்களோ அந்த நிலமே ஒரு பெண் வழியாக வந்தது.

“இதை மட்டும் உங்கம்மா கூண்டுல சொல்லட்டும்” என்றார் நிர்மலாதேவி. “மத்ததை நான் பாத்துக்கறேன்.”

மாதவராஜ் கோர்ட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் கோகிலவாணி அரூர் வீட்டுக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் அம்மா இருந்தாள். மகளைப் பார்த்ததும் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். மெலிந்துபோயிருந்தாள்.

“எங்கூட வந்துடும்மா.”

“அந்த வூடும் இப்ப அவம் பேருலதான இருக்குது. இன்னிக்கு உங்கூட வந்துட்டா, நாளைக்கு ரெண்டு பேரும் எங்க போறது?”

“தாத்தா உனக்குத்தான கொல்லை குடுத்தாரு? அதை மட்டும் கேப்பாங்க. நடந்ததைச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.”

மாதம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “கேட்டாச் சொல்லாம என்ன? எங்கப்பன் குடுத்தது ஊருக்கே தெரியுமே.”

வழியில் வாங்கிவந்த பஜ்ஜியை இருவரும் சாப்பிட்டார்கள். கோகிலவாணி அன்று நெடுநாள் கழித்து நிம்மதியாக மலை ஏறினாள்.

சாட்சி விசாரணை அன்று கோர்ட்டில் கூட்டமில்லை. முதலில் தீர்த்தகிரி. வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு நிலம் கிடையாது என்று தெளிவாகச் சொன்னார். நிர்மலாதேவி எழுந்தார்.

“கோகிலவாணிக்குக் கீழ்க்கொல்லைன்னு ஊர்க் கூட்டத்துல நீங்க சொன்னீங்களா?”

“சொன்னேங்க.”

“நிலம் கிடையாதுன்னா எப்படிக் குடுத்தீங்க?”

“எரக்கப்பட்டுக் குடுத்ததுங்க. வழக்கம் இல்லீங்க.”

“பொண்ணுக்குத் தர முடியாதுன்னு உங்க ஊர்ல எப்பவாச்சும் தீர்ப்பு சொல்லியிருக்கீங்களா? ஒரு குடும்பம் பேரு சொல்லுங்க.”

அவர் யோசித்தார். “யாரும் கேட்டதில்லீங்களே.”

அவர் இறங்கி வரும்போது கோகிலவாணியைக் கடந்துதான் போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்தது மாதம்மாள். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டை அவள் மார்பு உயரம் இருந்தது.

“நீங்க பொறந்தது எங்கம்மா?” என்று கேட்டார் நிர்மலாதேவி.

“கல்லாத்துவளவுங்க.”

“கல்யாணம் ஆனப்பறம் எங்க போனீங்க?”

“எங்கியும் போவலைங்க.”

“உங்க வீட்டுக்காரருதான் உங்க அப்பா வீட்டுக்கு வந்தாரா?”

“ஆமாங்க.”

“அப்ப அந்தக் கொல்லைங்கள அவருக்கு யாரு குடுத்தது?”

மாதம்மாள் மகளைப் பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சைகை செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

“தெரியலைங்க” என்றாள்.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க அப்பா குடுத்தாரா?”

“அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

கோகிலவாணி பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்தது புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எழுந்து வெளியே வந்தாள். சுவரில் கை ஊன்றி நின்றாள். அம்மா வெளியே வந்ததும் அவளிடம்தான் வந்தாள். “அவன் கொள்ளி வெக்கிற புள்ளடி. நான் என்னா பண்ணட்டும்?” என்று கையைப் பிடிக்கப் பார்த்தாள். கோகிலவாணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடி கொடுக்கவும் இல்லை. மாதவராஜ் கார்க் கதவைத் திறந்துவைத்து, “வாம்மா” என்றான்.

வழக்கு தள்ளுபடியானது. ஊர்த்தலைவர் வழக்கத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்க, சொந்தத் தாயும் அதை மறுக்காதபோது நம்பாமல் இருக்கக் காரணமில்லை என்றது தீர்ப்பு.

ஊரில் அவளிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. தண்ணீர் பிடிக்குமிடத்தில் அவள் போனால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். முகாமில் கை தட்டிய பெண்களில் சிலர் மகளிர் குழுவுக்கு வருவதை நிறுத்தினார்கள். வீட்டில் வேண்டாம் என்கிறார்களாம். பின்வரிசையில் எழுந்து கேள்வி கேட்டவள் ஒருநாள் வழியில் மறித்து, “எங்களுக்கு ஆசை காட்டிட்டீங்களே அக்கா” என்றாள். அந்த ஆசையைக் கோகிலவாணிக்குக் காட்டியவன் யார் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

நிர்மலாதேவிதான் விடவில்லை. தருமபுரியில் அப்பீல் போட்டார். “உன் பெரியப்பா நமக்கு எதிராப் பேசறதா நெனைச்சுக்கிட்டு நமக்கு வேண்டியதைச் சொல்லிட்டுப் போயிருக்காரு” என்றார். கோகிலவாணிக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள ஆசையும் இல்லாமல்தான் கையெழுத்துப் போட்டாள்.

அப்பீலில் தீர்ப்பு வர ஒரு விதைப்புக் காலம் போய் இன்னொன்று வந்தது. இடையில் இடைக்காலத் தடை இருந்ததால் கட்டடம் எழவில்லை. அவள் இரண்டு கொல்லையிலும் விதைத்தாள், அறுத்தாள். தீர்ப்பு நாளன்று நிர்மலாதேவி அதை அவளுக்கு எளிதாகச் சொன்னார்.

“வழக்கம்னா ஊரு வாயால சொல்றது இல்ல, ஊரு கையால செய்யறதுன்னு ஜட்ஜ் எழுதியிருக்காரு. ஊர்க்கவுண்டர் பொண்ணுக்குப் பங்கில்லைன்னு சொன்னாரு. ஆனா அவரே ஒரு பொண்ணுக்குக் கொல்லை குடுத்திருக்காரு. எந்தப் பொண்ணுக்கும் மறுத்ததா ஒரு பேரு காட்ட முடியல. உங்கம்மா கல்யாணத்துக்கப்பறமும் பொறந்த எடத்துலயே இருந்ததையும் பாத்திருக்காரு. அதனால வழக்கம் நிரூபணம் ஆகல. எழுதின சட்டமும் வராது. அப்ப மனசாட்சிப்படி பாத்தா பொண்ணை ஒதுக்க நியாயம் இல்ல. மூணு பேருக்கும் சமமா மூணு பங்கு. நீ, மாதவராஜ், உங்கம்மா.”

“அம்மாவுக்குமா?”

“அவங்களுக்கும்தான்.”

நிர்மலாதேவி இனிப்பு வாங்கி வைத்திருந்தார். கோகிலவாணி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறியது. வரவில்லை.

நிலத்தை அளந்து கல் நட்டார்கள். அவளுக்குக் கீழ்க்கொல்லையின் பெரும்பகுதி வந்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவே பலா மரங்களை ஒட்டிய பகுதி மாதம்மாளுக்கு. மேல்க்கொல்லையில் மிச்சம் மாதவராஜுக்கு. அளக்கும்போது அவன் வந்திருந்தான். அவளிடம் பேசவில்லை.

சில நாள் கழித்து, காலைப் பஸ்ஸில் மாதம்மாள் தனியாக வந்து இறங்கினாள். கோகிலவாணி களை எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா நேராகக் கொல்லைக்கு வந்து, புதிதாக நட்ட கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதான் என்னுதா?”

“அந்தக் கல்லுலருந்து பலா மரம் வரைக்கும்.”

மாதம்மாள் அதற்குள் போய் நின்றாள். கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தாள். பிறகு மண்ணிலேயே உட்கார்ந்தாள். “எங்கப்பன் ஒருநாளும் இது உன்னுதுன்னு எங்கிட்ட சொன்னதில்ல. உங்கப்பனும் சொன்னதில்ல. யாரோ முன்னப்பின்ன தெரியாத ஜட்ஜ் சொல்றாரு.”

கோகிலவாணி வீட்டுக்குக் கூட்டிப் போய்க் களி போட்டாள். கீரை கடைந்திருந்தது. அம்மா ரசித்துச் சாப்பிட்டாள். கை கழுவியதும் சொன்னாள்.

“என் பங்கையும் அவன் பேருக்கு எழுதிக் குடுக்கச் சொல்றான். நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸு போவணுமாம்.”

“நீ என்னா சொன்ன?”

“பாக்கலாம்னேன். அதான் உன்னைக் கேக்க வந்தேன். நீ வேணாம்னு சொல்லு, நான் போட மாட்டேன்.”

கோகிலவாணிக்கு வேணாம் என்ற சொல் வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருப்பாள், அன்றைக்கு மட்டும். நாளைக்கு அவன் முன்னால் நிற்கும்போது என்ன சொல்வாள் என்று கோகிலவாணிக்குத் தெரியும். அந்தக் கூண்டை அவள் பார்த்திருக்கிறாள்.

“அது உன்னோட பங்கும்மா. எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல, நானா முட்டி மோதி எடுத்தேன். உன்னுதுக்கு நீதான் சொல்லணும். எழுதிக் குடுக்காம இங்கயே இருந்தீன்னா, நான் சோறு போடறேன். அதுக்கு நெலம் கூட வேணாம்.”

மாதம்மாள் களிச் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, “அன்னிக்குத் தெரியலைன்னு சொன்னது உனக்கு இன்னும் மனசுல இருக்குதா?” என்று கேட்டாள்.

“இருக்குது.”

பொய் சொல்ல அவளால் முடியவில்லை. அம்மா தலையாட்டினாள். மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மாத்திரையை விட்டுவிட்டு வந்துவிட்டாளாம். கோகிலவாணி ஏற்றிவிட்டாள். ஜன்னல் வழியாக அம்மா, “யோசிக்கறேன்” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் ஆள் நடமாடும் சத்தம் கேட்டது.

“போட்டுட்டேன் கோகிலா. அழுதான். லோனு வாங்கியிருக்கானாம். என் வயித்துல பொறந்தவன் கண்ணுல தண்ணியப் பாத்துட்டு நான் என்னா பண்றது?”

கோகிலவாணி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கண்ணில் இந்த மூன்று வருஷமும் தண்ணீர் வரவேயில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. வந்திருந்தால் அம்மா பார்த்திருப்பாளோ என்னவோ.

“சாப்ட்டியா?” என்று கேட்டாள்.

“சாப்ட்டேன்.”

“சரி, வை.”

போனை வைத்துவிட்டு அவள் கீழ்க்கொல்லைக்குப் போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அம்மாவுக்கென்று பிரித்த துண்டில் அவள் ஏற்கெனவே களை எடுத்து வைத்திருந்தாள். இனி அதில் வண்டி நிற்கும். எடுத்த களையை அள்ளி வேலிக்கு வெளியே கொட்டினாள். தன் எல்லைக்குள் திரும்பி வந்தாள். சாமைப் பயிர் முட்டி உயரம் நின்றது. அதன் நடுவில் உட்கார்ந்து, யாரும் பார்க்க முடியாதபடி குனிந்து, வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் எழுந்து, மிச்சம் இருந்த களையை இருட்டும்வரை எடுத்தாள்.